ஒரு டன் குளிர்ச்சி

இளம் அறிவியல் (இயற்பியல்), இரண்டாம் ஆண்டு

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கியது 1931ஆம் ஆண்டில். அன்று முதல் பல தலைமுறை மக்கள் சன்னலோரக் காற்றையே விசிறியாகக் கொண்டு அந்தப் பாதையில் பயணம் செய்து வந்தனர். 2025 ஏப்ரல் 19ஆம் நாள் அதே பாதையில் குளிர்சாதன வசதி கொண்ட புறநகர் இரயில் ஓடத் தொடங்கியது. கதவு மூடியதும் பெட்டிக்குள் பரவும் அந்தக் குளிர்ச்சியை நம் கல்லூரியிலும் பலர் அனுபவித்திருக்கலாம். ஆனால், எவ்வளவு குளிர்ச்சி வேண்டும் என்று யாரோ ஒருவர் முன்கூட்டியே உட்கார்ந்து கணக்குப் போட்டிருப்பார் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்?

அந்தக் கணக்கைக் கற்க வேண்டிய தேவை எனக்குச் சென்ற கோடையில் வந்தது. சேலையூரில் நாங்கள் வாடகைக்குக் குடியிருக்கும் வீட்டின் மாடி அறையில் என் தாயார் தையல் தொழில் செய்கிறார். அவருடன் இன்னும் இரண்டு பெண்கள் தைக்கிறார்கள். பத்தடி அகலமும் பன்னிரண்டடி நீளமும் உள்ள அறை. மேலே ஓடு பதிக்காத வெறும் கான்கிரீட் தளம். மேற்கே ஒரு சன்னல். பங்குனி பிறந்துவிட்டால் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் அங்கே உட்கார முடியாது. தைக்க முடியாத மணி நேரம் கூலி இல்லாத மணி நேரம். ஆகவே தவணை முறையில் ஓர் ஏ.சி. வாங்கிவிடலாம் என்று வீட்டில் பேசி முடித்தோம்.

கடைக்காரர் அறையின் அளவைக் கேட்டார். "மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையா? அப்படியானால் ஒன்றரை டன் போட்டுவிடுங்கள்" என்றார். ஏன் ஒன்றரை என்று கேட்டேன். "எல்லாரும் அதைத்தான் வாங்குகிறார்கள்" என்றார். வெப்ப இயற்பியலில் ஒரு தாள் எழுதித் தேறியிருந்த எனக்கு அந்த விடை போதவில்லை. நூலகத்தில் நூல்களைப் புரட்டியும், ஐ.டி.ஐ.யில் குளிர்பதனப் பிரிவு படித்த எங்கள் தெரு அண்ணன் ஒருவரிடம் கேட்டும் நான் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

டன் என்பது எடையா?

ஏ.சி.க்குச் சொல்லப்படும் டன், பெட்டியின் எடையைக் குறிப்பதன்று. அதன் கதையைத் தெரிந்துகொள்ள நாம் மெரினா கடற்கரைக்குப் போக வேண்டும். அங்கே இன்று விவேகானந்தர் இல்லம் என வழங்கும் கட்டடம், 1842ஆம் ஆண்டில் பனிக்கட்டியைச் சேமித்து வைப்பதற்காகக் கட்டப்பட்டது. ஃபிரெடரிக் டியூடர் என்ற அமெரிக்க வணிகர், குளிர்காலத்தில் தம் நாட்டு ஏரிகளில் உறையும் பனிக்கட்டியை அறுத்து, மரத்தூள் சுற்றிக் கப்பலில் ஏற்றி, பாஸ்டன் துறைமுகத்திலிருந்து சென்னைக்கு அனுப்பினார். நெடுந்தூரக் கடற்பயணத்தில் உருகியது போக எஞ்சியதே இங்கு விற்பனைக்கு வந்தது. ஐஸ் ஹவுஸ் என்று அந்தப் பகுதியை நாம் இன்றும் அழைக்கிறோம். பின்னர் இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் முறை வந்ததும் அந்த வணிகம் நின்றது.

குளிரூட்டும் இயந்திரங்கள் வந்தபோது அவற்றின் ஆற்றலை எப்படி அளப்பது என்ற கேள்வி எழுந்தது. மக்களுக்குத் தெரிந்த அளவு பனிக்கட்டிதான். ஒரு டன் பனிக்கட்டி, அதாவது அமெரிக்க அளவில் 2000 பவுண்டு, ஒரு நாள் முழுவதும் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுகிறதோ, அந்த வேகத்தில் வெப்பத்தை வெளியேற்றும் இயந்திரம் ஒரு டன் இயந்திரம் எனப்பட்டது. நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். 2000 பவுண்டு என்பது 907 கிலோகிராம். ஒரு கிலோ பனிக்கட்டி உருக 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். இரண்டையும் பெருக்கி, ஒரு நாளின் 86,400 நொடிகளால் வகுத்தால் ஏறத்தாழ 3.5 கிலோவாட் கிடைக்கும். ஆகவே ஒன்றரை டன் ஏ.சி. வாங்குபவர், நாள்தோறும் ஒன்றரை டன் பனிக்கட்டியை அறைக்குள் உருக வைப்பதற்குச் சமமான ஏற்பாட்டைச் செய்துகொள்கிறார்.

இந்த இயந்திரம் குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை. உள்ளே உள்ள வெப்பத்தை வாரி வெளியே கொட்டுகிறது. அறைக்குள் உள்ள சுருளில் குளிர்பதனப் பொருள் ஆவியாகும்போது அறைக்காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. அமுக்கி, அதாவது கம்ப்ரஸர், அந்த ஆவியை அழுத்திச் சூடேற்றி வெளிச் சுருளுக்குத் தள்ளுகிறது. அங்கே அது வெப்பத்தை இழந்து நீர்மமாகி, நுண்குழாய் வழியே அழுத்தம் தணிந்து மீண்டும் உள்ளே வருகிறது. ஒரு பங்கு மின்சாரத்தைக் கொண்டு மூன்று பங்கு அல்லது அதற்கும் மேலான வெப்பத்தை இவ்வாறு கடத்த முடியும். நம் வீட்டு மண்பானை நீரைக் குளிர்விப்பதும் ஆவியாதலால்தான். பானையில் ஆவி திரும்பி வருவதில்லை என்பதே வேறுபாடு.

வெயிலும் புழுக்கமும்

நம் மொழியில் வெயில் என்றும் புழுக்கம் என்றும் இரண்டு சொற்கள் உள்ளன. ஆவணி மாதத்து இரவில் வெயில் இல்லை; ஆனாலும் புழுங்குகிறது. பொறியாளர்களும் இந்த இரண்டையும் தனித்தனியாகவே கணக்கிடுகிறார்கள். வெப்பமானியில் தெரியும் வெப்பம் ஒன்று. காற்றில் உள்ள நீராவி தன்னுள் வைத்திருக்கும் உள்ளுறை வெப்பம் மற்றொன்று. நம் உடல் வியர்வையை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. காற்றில் ஏற்கெனவே நீராவி மிகுந்திருந்தால் வியர்வை காய்வதில்லை. அதுவே புழுக்கம்.

காற்றுப் பதனத்தின் வரலாறே புழுக்கத்தில்தான் தொடங்கியது எனலாம். 1902ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகத்தில், ஈரக் காற்றால் தாள் விரிந்து சுருங்க, வண்ணங்கள் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாமல் விலகின. வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் காற்றின் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்த ஓர் ஏற்பாட்டை வகுத்தார். மனிதருக்கு முன்பே தாளுக்குத்தான் அந்த வசதி கிடைத்தது!

எங்கள் அறையையே எடுத்துக்கொள்வோம். உயரம் பத்தடி எனக் கொண்டால் அதில் 34 கன மீட்டர் காற்று உள்ளது. 30 டிகிரி வெப்பநிலையும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள சென்னைக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 24 கிராம் நீராவி இருக்கும். அதை 24 டிகிரி, 55 விழுக்காடு என்ற இதமான நிலைக்குக் கொண்டுவந்தால் 12 கிராமே இருக்க வேண்டும். ஆகவே அறைக் காற்றிலிருந்து ஏறத்தாழ 400 கிராம் நீரைப் பிழிந்தெடுக்க வேண்டும். காற்றை ஆறு டிகிரி குளிர்விக்க 240 கிலோஜூல் வெப்பத்தை எடுத்தால் போதும். இந்த நீரைப் பிழிய 980 கிலோஜூல் எடுக்க வேண்டும். குளிர்விப்பதைவிடக் காயவைப்பது நான்கு மடங்கு வேலை. தெருவில் நடக்கும்போது நம் தலையில் சொட்டும் ஏ.சி. குழாய்த் தண்ணீர் இந்த வேலையின் சாட்சியாகும்.

பெரிய இயந்திரம் வாங்குவது எப்போதும் நல்லதாகாது என்பதும் இதிலிருந்து விளங்கும். அளவுக்கு மீறிய இயந்திரம் சில நிமிடங்களிலேயே அறையைக் குளிர்வித்து ஓய்ந்துவிடும். நீரைப் பிழிய அதற்கு நேரம் கிடைக்காது. அறை சில்லென்று இருக்கும், ஆனால் சுவரும் துணியும் பிசுபிசுக்கும். வேகத்தைக் குறைத்து ஓடும் இன்வெர்ட்டர் வகை இயந்திரங்களில் இந்தக் குறை குறைவு. ஆயினும் தேவைக்கு மேல் கொடுத்த விலை கொடுத்ததுதான்.

வெப்பம் வரும் ஆறு வழிகள்

ஒரு கட்டடத்துக்குக் குளிர்சாதனம் அமைப்பவர் முதலில் செய்ய வேண்டியது வெப்பச் சுமைக் கணக்கு. வெளியே எத்தனை டிகிரி என்று கொள்வது? நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31ஆம் நாள் 45 டிகிரி பதிவானது. ஆனால் அந்த ஒரு நாளுக்காக இயந்திரம் வாங்கினால் மற்ற நாளெல்லாம் அது வீண். ஆண்டின் 8,760 மணி நேரத்தில் ஒரு விழுக்காடு, அதாவது 88 மணி நேரம் மட்டுமே தாண்டப்படும் வெப்பநிலை போன்ற ஓர் அளவையே பொறியாளர்கள் கொள்கிறார்கள். நான் வெளியே 38 டிகிரி, உள்ளே 25 டிகிரி என எடுத்துக்கொண்டேன். கோடைப் பிற்பகலில் எங்கள் அறைக்கு வெப்பம் வரும் வழிகளும் அவற்றின் தோராய அளவும் இவை:

மேல்தளம்: 1,170 வாட்
மேற்குச் சுவர்: 440 வாட்
மேற்குச் சன்னல் வழியே வரும் வெயில்: 490 வாட்
தைப்போர் மூவரின் உடல் வெப்பமும் வியர்வையும்: 390 வாட்
விளக்கு, தையல் மிஷின் மோட்டார், இஸ்திரிப் பெட்டி: 400 வாட்
வெளியிலிருந்து வரும் காற்றின் வெப்பமும் ஈரமும்: 460 வாட்

மொத்தம் 3,350 வாட். ஒரு டன்னுக்கும் சற்றுக் குறைவு. கடைக்காரர் சொன்ன ஒன்றரை டன் எங்கள் அறைக்குத் தேவையில்லை என்பது முதல் விடை.

இரண்டாவது விடை எனக்கு இன்னும் வியப்பளித்தது. சுமையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தலைக்கு மேலிருந்து வருகிறது. வெயிலில் காயும் கருத்த கான்கிரீட்டின் மேற்பரப்பு 60 டிகிரி வரை ஏறும். வெளியே உள்ள காற்றைவிடத் தளமே சூடானது. பகலெல்லாம் உண்ட வெப்பத்தை அது மாலையிலும் இரவிலும் அறைக்குள் உமிழ்கிறது. கடற்காற்று வந்த பின்பும் மாடி அறை தணியாததன் காரணம் இதுவே. நம் முன்னோர் இதை அறிந்தே கட்டினர். தேக்குக் கட்டைகளின்மேல் செங்கல்லைச் சுண்ணாம்புக் காரையில் நிறுத்தி அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரையும், கான்கிரீட் தளத்தின்மேல் செங்கல் ஜல்லி போட்டுத் தட்டோடு பதிக்கும் வழக்கமும் மழைக்காக மட்டும் ஏற்பட்டவை அல்ல.

இடத்துக்கு இடம் கணக்கு மாறும். திருமண மண்டபத்தில் அமர்ந்திருக்கும் ஒருவர் ஏறத்தாழ 115 வாட் வெப்பம் வெளியிடுகிறார் என்றால், ஐந்நூறு விருந்தினர் மட்டுமே பதினாறு டன்னுக்கு மேல் சுமையாகிறார்கள். புறநகர் இரயிலில் நெரிசலோடு, நிலையத்துக்கு நிலையம் கதவு திறப்பதும் சேர்கிறது. மேல்தளம் முதன்மையான எதிரி என்பது எங்கள் அறையின் கணக்கு. எல்லா இடத்துக்கும் பொதுவான விதியன்று.

சானடோரியம் தரும் பாடம்

இக்கணக்கில் கடைசியாக வந்த காற்றைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நம் வீடுகளில் சுவரில் மாட்டும் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. உள்ளே உள்ள காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. வெளியே பத்து இலட்சம் பங்கில் 420 பங்கைத் தாண்டியுள்ள கரியமில வாயு, சன்னல்களை அடைத்த அறையில் ஆள் கூடக் கூட ஆயிரத்தையும் கடக்கும். தலை கனப்பதும் தூக்கம் வருவதும் அங்கே இயல்பு. பெரிய விளைவு, நோய்க் கிருமியும் அதே காற்றில் சுழல்வது.

தாம்பரத்துக்காரர்களுக்கு இது புதிய செய்தியாகாது. இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுப் பகுதியில் காசநோய் விடுதி நடத்திய டாக்டர் சௌரி முத்து, 1928ஆம் ஆண்டில் தாம்பரத்தில் ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். காசநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம் அது. திறந்த வெளியும் தூய காற்றும் ஓய்வும் நல்லுணவுமே சிகிச்சை. 1937இல் அரசு அதை ஏற்றது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. இரயில் நிலையத்துக்குப் பெயரும் அதனால் வந்ததே.

காற்றே நோயைத் தீர்த்துவிடும் என்று இதனால் நினைத்துவிடக் கூடாது. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் ஒரு பகுதியினரை நெருக்கடியான அவர்களுடைய வீடுகளிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்தனர் என்று 1959இல் வெளியான முடிவு உலகையே மாற்றியது. நோயைத் தீர்ப்பது மருந்து. ஆனால் மருந்து தொடங்கும் முன் நோய் அடுத்தவருக்குப் பரவாமல் தடுப்பதில் காற்றோட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு. பெரு நாட்டின் லிமா நகர மருத்துவமனைகளில் ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட முடிவு ஒன்று, சன்னலும் கதவும் திறந்த அறைகளில் காற்று மணிக்கு 28 முறை புதிதாகிறது என்றும், இயந்திரக் காற்றோட்டம் உள்ள அறைகளில் அது 12 முறை என்றும் காட்டியது. உயர்ந்த கூரையும் பெரிய சன்னல்களும் கொண்ட பழைய கட்டடங்களே அதில் முன்னின்றன.

எங்கள் அறைக்கு நானும் கணக்கிட்டேன். அரை சதுர மீட்டர் திறப்பில் நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் மென்காற்று புகுந்தால் மணிக்கு 900 கன மீட்டர். அதாவது காற்று 26 முறை மாறுகிறது. சன்னலை அடைத்து ஏ.சி. போட்டால் இது ஏறத்தாழ ஒன்றாகக் குறைகிறது. ஒருவருக்கு நொடிக்கு ஐந்து லிட்டர் வெளிக்காற்றாவது கொடுக்க வேண்டும் என்றுதான் என் கணக்கில் 460 வாட் சேர்த்தேன். அதை விட்டுவிட்டால் கணக்கு அழகாகச் சிறுக்கும். அந்த மிச்சத்தை மூன்று பெண்களின் மூச்சு ஈடுகட்ட வேண்டியிருக்கும்.

நாங்கள் செய்தது

கணக்குத் தாளை அம்மாவிடம் காட்டினேன். எண்களைப் பார்த்தவர், "இவ்வளவும் மேலேயிருந்தா வருது? அப்போ மேலேயே தடுக்கலாமேப்பா" என்றார். ஒரு வாரம் படித்து நான் வந்து சேர்ந்த இடத்துக்கு அவர் ஒரு நொடியில் வந்துவிட்டார்.

வாடகை வீட்டில் தட்டோடு பதிப்பது நம் கையில் இல்லை. வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு, மொட்டை மாடியில் பசை கலந்த சுண்ணாம்பை மூன்று பூச்சுப் பூசினோம். வெண்மை வெயிலைத் திருப்பி அனுப்புவதால் மேல்தளச் சுமை 1,170 வாட்டிலிருந்து சுமார் 550 ஆகக் குறையும். சன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டினோம். திரைச்சீலையை உள்ளே தொங்கவிட்டால் வெயில் கண்ணாடியைக் கடந்து வந்துவிடும். ஆகவே தடுப்பு வெளியே இருக்க வேண்டும். அதனால் 490 வாட் 150 ஆயிற்று. இஸ்திரிப் பெட்டியைத் தாழ்வாரத்துக்கு மாற்றியதில் மேலும் 250 வாட் மிச்சம். மொத்தச் சுமை 3,350 வாட்டிலிருந்து 2,140 ஆக, அதாவது 0.6 டன்னாகக் குறைந்தது. கிழக்குப் பக்கம் மேலே ஒரு சிறிய வெளியேற்று விசிறியும் பொருத்தினோம். எல்லாச் செலவும் ஏ.சி.யின் முதல் தவணைத் தொகைக்குள் அடங்கிவிட்டது.

கணக்கு தாளோடு நிற்கக் கூடாது அல்லவா? பேராசிரியரின் அனுமதியோடு ஆய்வுக்கூட வெப்பமானி ஒன்றைக் கொண்டுபோய்க் கூரையின் அடிப்புறத்தில் ஒட்டி வைத்திருந்தேன். பூசுவதற்கு முன் பிற்பகல் மூன்று மணிக்கு 44 டிகிரி. பூசிய பின், ஏறத்தாழ அதே வெயிலடித்த ஒரு நாளில் 38 டிகிரி. மிஷின் மூன்றும் மாலை வரை ஓடின.

இதனால் எல்லாம் தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன். சுண்ணாம்பு மழையில் கரையும். ஆண்டுதோறும் கோடைக்கு முன் பூச வேண்டும். வெள்ளைப் பூச்சு வெயிலைத் தடுக்கும், புழுக்கத்தைத் தடுக்காது. ஆவணி இரவுகளுக்கு எங்களிடம் இன்னும் விடை இல்லை. என்றேனும் ஏ.சி. வாங்குவோமாயின் ஒரு டன் போதும், 24 டிகிரியில் வைத்தால் போதும், வெளியேற்று விசிறியை நிறுத்தக் கூடாது என்பது மட்டும் தெரியும். "தீபாவளித் தையல் முடியட்டும், பார்க்கலாம்" என்கிறார் அம்மா.

நண்பர்களே, வெப்பக் கடத்தலும் ஒப்பு ஈரப்பதமும் உள்ளுறை வெப்பமும் நாம் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் பாடங்கள். அவற்றை அப்படியே ஒரு தாளில் இறக்கி நம் வீட்டுக் கூரையின் கீழ் வைத்துப் பார்த்தால், எது முதலில் செய்யத் தக்கது, எதற்குக் கடன் வாங்க வேண்டியதில்லை என்பதை அவை சொல்லிவிடுகின்றன. அறுபது பேர் அமரும் நம் வகுப்பறையின் மேல்தளமும் ஓடு பெயர்ந்து கருத்துத்தான் இருக்கிறது. வரும் மாசி மாதத்தில் நாமே ஏறிச் சுண்ணாம்பு பூசவும், முன்னும் பின்னும் வெப்பநிலையை அளந்து அடுத்த ஆண்டு மலரில் வெளியிடவும் இயற்பியல் மன்றம் முன்வர வேண்டும் என்பது என் வேண்டுகோள். வாளியும் மட்டையும் நான் கொண்டுவருகிறேன்.